முதல் ஊதலும் கடைசி ஊதலும்

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கத்தில், முன்பு பெயின்ட் குடோனாக இருந்த கட்டடத்தில் வட்டார மூச்சு ஆராய்ச்சி நிலையம் வந்தபோது, அக்கம்பக்கத்தில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி அதற்குள் மூச்சு விட முடியுமா என்பதுதான். முடியாது. பெயின்ட் வாடை சுவரில் ஊறிக் கிடந்தது. இழுப்புக்காரர்களைக் கண்டுபிடிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று திறப்பு விழாவில் இயக்குநர் டாக்டர் பக்தவத்சலம் பேசினார். சாமியானாவுக்குக் கயிறு கட்ட உள்ளே போன ஆள்கூட இருமிக்கொண்டே வெளியே வந்ததால், அதை மறுத்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

விழா நடந்தது போகி அன்று. நாடா வெட்ட டெல்லியிலிருந்து வரவேண்டிய பெரியவருக்குப் போகி என்றால் என்னவென்று தெரியாது. பொங்கலுக்கு ஆபீஸ் இருக்காது என்பது மட்டும் தெரியும். அதற்கு முந்தின நாளே முடித்துவிடலாம் என்று தேதி கொடுத்துவிட்டார். நம் ஜனங்களோ அன்று விடியற்காலையில் பழைய பாய், கிழிந்த கூடை இதெல்லாம் போதாதென்று லாரி டயரை உருட்டிவந்து நடுத்தெருவில் கொளுத்துகிறவர்கள். பாடியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் எதிரில் எருமை நின்றால்கூடத் தெரியாது. அந்தப் புகையில் இளைத்துக்கொண்டு வந்தவர்களைத்தான் மஞ்சள் மாத்திரைச் சோதனைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏற்பாடு எளிமையானது. ஒரு வருஷம் மாத்திரை தருவார்கள். போகி அன்றே முதல் ஊதல், பிறகு மாதம் ஒருதரம் வந்து ஒரு குழாயில் ஊத வேண்டும். குழாயின் பக்கத்தில் முள் எதுவரை ஏறுகிறதோ அதை அட்டையில் எழுதிக்கொள்வார்கள். வருஷக் கடைசியில் யாருக்கு நன்றாக இருக்கிறதோ அவர்களுக்கு மாத்திரை தொடர்ந்து கிடைக்கும். கடையில் வாங்கலாமா என்றால் முடியாது, அது இன்னும் கடைக்கு வராத மாத்திரை.

சேர்ந்தவர்களில் துலுக்கானமும் ஒருவன். பூந்தமல்லி ஆவடி தடத்தில் கண்டக்டர். கண்டக்டரானவன் சில்லறை இல்லாமல்கூட ஒரு பொழுதை ஓட்டிவிடலாம், விசில் இல்லாமல் முடியாது. துலுக்கானத்தின் விசிலோ அந்த வருஷம் பாதி காற்றும் பாதி எச்சிலுமாக வந்துகொண்டிருந்தது. டிரைவர் கோவிந்தராஜ் திரும்பிப் பார்த்து, “இன்னா மச்சான், வண்டிய எடுக்கவா, இல்ல பின்னாடி கோழி எதுனா அடிபட்டுச்சா?” என்று கேட்பான். பயணிகள் சிரிப்பார்கள். துலுக்கானமும் சிரிப்பான், உடனே இருமல் வந்துவிடும். டிப்போ மேனேஜர் கூப்பிட்டு, தைப்பொங்கல் தாண்டி இன்னொரு வருஷம் பார்க்கிறேன், அப்போதும் இப்படியே இருந்தால் ஷெட்டில் வண்டி கழுவப் போகவேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். இழுப்புக்காரனை ஈரத்தில் நிறுத்துவது என்றால் என்னவென்று அவன் மனைவி சொர்ணத்துக்குத் தெரியும். அவள்தான் அவனை நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவள்.

ஊதுவது என்றால் சும்மா ஊதிவிட முடியாது. செருப்பைக் கழற்ற வேண்டும். பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்து களைப்பாற வேண்டும். வாய் கொப்பளிக்க வேண்டும். இயக்குநரின் படத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்க வேண்டும். நர்ஸ் தாட்சாயிணி “ம்” என்றதும் மூன்று முறை ஊத வேண்டும். மூன்றில் எது உசத்தியோ அதை எழுதுவாள். படத்தில் இயக்குநர் மூக்கைச் சுளித்துக்கொண்டு இருந்ததால், தன் ஊதல் அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று துலுக்கானம் முதல் இரண்டு மாதம் கவலைப்பட்டான்.

மூன்றாம் மாதத்திலிருந்து கவலை போய்விட்டது. சித்திரையில் முள் பாதிக்கு வந்தது. வைகாசியில் பாதியைத் தாண்டியது. ஆனியில், “அண்ணே, குழாய உடைச்சிடாதீங்க” என்று தாட்சாயிணியே சொன்னாள். பஸ்ஸில் அவன் விசில் கொடுத்தால் கரையான்சாவடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தான். வீட்டிலும் விட்டபாடில்லை. சோறு வேண்டுமென்றால் ஒரு விசில், போதும் என்றால் இரண்டு.

“யோவ், நானு இன்னா ஒன் டிரைவரா?” என்றாள் சொர்ணம். “இன்னோரு தபா ஊதுனே, அந்தப் பீப்பிய அடுப்புல போட்டுருவேன்.” ஆனால் அன்று ராத்திரி அவன் மல்லாந்து படுத்துத் தூங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் சுவரில் சாய்ந்துதான் தூங்கியிருக்கிறான்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வீராசாமி செத்துப்போனார். பாடியில் ஒரு பவுண்டரியில் வார்ப்பு அச்சு பிடிக்கிற மோல்டர். அவரும் மஞ்சள் மாத்திரைக்காரர்தான். மூச்சு தேறிவிட்ட தைரியத்தில் வருஷக்கணக்காக மூலையில் கிடந்த சைக்கிளை எடுத்து மிதித்தவர், லாரிக்குக் குறுக்கே போய்விட்டார். அவருடைய அக்கா காட்டுப்பாக்கம் ராஜம்மா, அவளும் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஊதுகிறவள். தம்பியின் காரியம் ஊத வேண்டிய நாளிலேயே வந்ததால் அந்த மாதம் அவள் வரவில்லை.

அடுத்த மாதம் வந்தாள். தாட்சாயிணி அட்டைகளைப் புரட்டிவிட்டு, “உங்க அட்டை உள்ள வாங்கிக்கிட்டாங்க அக்கா” என்றாள். உள்ளே இருந்து புள்ளிவிவர அதிகாரி லட்சுமணன் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு ஸ்கேல். எதையும் அளக்காவிட்டாலும் ஸ்கேல் இல்லாமல் அவர் வெளியே வருவதில்லை.

“ஒரு மாசம் வராதவங்க, எந்த மாசமும் வராதவங்க. அதான் விதி” என்றார்.

“இன்னா சார் சொல்றே? தையிலேர்ந்து வந்து ஊதினு கீறேன். இந்த பெஞ்சு ஆணிதான் என் பொடவையக் கிழிச்சுது.”

“கிழிச்சிருக்கலாம். கணக்குப்படி நீங்க உட்காரலை.”

“என் தம்பி செத்துட்டான் சார். காரியத்த உட்டுட்டு எப்புடி வர்றது?”

“தம்பி பேர்?”

“வீராசாமி. அவனும் இங்கதான் ஊதுனான்.”

லட்சுமணன் முகம் மலர்ந்தது. “பாடி வீராசாமியா? பிரமாதமா ஊதறார். இந்த மாசமும் கொஞ்சமும் இறங்கலை.”

பெஞ்சில் இருந்த எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, “எரிச்சுட்டு வந்துட்டோமே சார்” என்றாள்.

“அதனாலதான் சிக்கலே இல்லை. கடைசியா அவர் எவ்வளவு ஊதினாரோ அதையே மாசாமாசம் எழுதிக்கிட்டு வர்றோம். இறந்தவங்க வராம இருந்தது அவங்க குத்தமில்லை. அது தவிர்க்க முடியாத காரணம். நீங்க தவிர்த்திருக்கலாம்.”

“அப்ப நானும் போய்ச் சேந்திருந்தா?”

“உங்க பேரும் இருந்திருக்கும்” என்றார் லட்சுமணன், உண்மையான அனுதாபத்தோடு.

ராஜம்மா பெஞ்சிலிருந்த துலுக்கானத்தைப் பார்த்து, “நீ ஒயுங்கா வந்துகினு இரு, தம்பி. இவங்க கண்ணுக்கு உசுரு ரெண்டாம்பட்சம்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கணக்கில் இல்லாதவளானாலும் செருப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து துலுக்கானத்துக்குப் பயம் பிடித்தது. காய்ச்சலோடு போய் ஊதினான். பந்த் அன்று எஸ்டேட் ரோடு நெடுக நடந்தே போய் ஊதினான். ஐப்பசியில் சொர்ணத்தின் தம்பிக்குத் திருவேற்காட்டில் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அக்கா புருஷனைக் காணோம். அவன் அம்பத்தூரில் இயக்குநர் படத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான்.

“ஒரு மாசம் உட்டா இன்னாயா? எம்பொறந்தவன் தினிக்குமா தாலி கட்றான்?” என்று கத்திவிட்டுச் சொர்ணம் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், “எவ்ளோ ஏறிச்சு?” என்று மட்டும் கேட்டாள். அடைமழையில் டிப்போவே இருமிக்கொண்டிருக்க, அவன் முள் கீழே இறங்கவே இல்லை.

மார்கழியில் அறிவிப்பு ஒட்டினார்கள். இறுதி ஊதல், சோதனை தொடங்கிய அதே தேதி, அதே நேரம். துலுக்கானம் காலண்டரைப் பார்த்தான். போகி. தாட்சாயிணியிடம் போனான்.

“சிஸ்டர், அன்னிக்கி ஊரே பொகையா இருக்குமே. ஒரு நாலு நாள் தள்ளி வெச்சா இன்னா?”

“எங்கிட்ட சொல்லி என்ன அண்ணே ஆகப்போவுது? உள்ள போய்ச் சொல்லுங்க.”

உள்ளே லட்சுமணன் ஸ்கேலை மேசையின் ஓரத்தோடு ஒட்டிவைத்துவிட்டுக் கேட்டார். “போன வருஷமும் புகை. இந்த வருஷமும் புகை. ரெண்டும் கழிஞ்சுபோச்சு. இதைவிட நேர்மையா ஒரு சோதனை இருக்க முடியுமா?”

“பொகை கயிஞ்சு போவட்டும் சார். நடுவுல நானு ஊதுனது? சித்திரை, வைகாசி, ஆனி, அந்த ஐப்பசி மழையில ஊதுனது. அதெல்லாம் அட்டையில எய்தினீங்களே?”

“எழுதினோம். அது ஒழுங்குக்காக. டெல்லி தாள்ல ரெண்டே கட்டம். முன், பின். மூணாவது கட்டம் இருந்தா நாங்க ஏன் மாட்டோம்கிறோம்?”

துலுக்கானத்துக்குத் தெரிந்தது ஒரு பஸ்தான். “சார், பூந்தமல்லில வண்டிய எடுக்கசொல்லோ காலியாத்தான் எடுப்போம். கடைசியா ஆவடில எல்லாரும் எறங்கிட்டா வண்டி காலி. அதுக்குன்னு நடுவுல பருத்திப்பட்டுல படிக்கட்டுல தொங்கினு வந்தானுங்களே, அவனுங்க யாரு சார்?”

லட்சுமணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். “புறப்படறப்பவும் காலி, சேர்றப்பவும் காலியா?”

“ஆமா சார்.”

“அப்படின்னா அந்தத் தடத்துல பஸ்ஸே தேவையில்லையே. இதை இதுவரைக்கும் யாருமே கவனிக்கலையா? உங்க மேலிடத்துக்கு நான் எழுதறேன்.”

துலுக்கானம் கைகூப்பி, தயவுசெய்து எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தான். மாத்திரையைப் பற்றிப் பேசப்போனவன், இருக்கிற பஸ்ஸைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பியதே பெரிய காரியம் என்று கோவிந்தராஜ் சொன்னான்.

போகி வந்தது. முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு துலுக்கானம் கிளம்பினான். தெருவுக்கு நாலு டயர். அம்பத்தூர் ஒரகடம் தாண்டுவதற்குள் கண் எரிந்தது. எஸ்டேட் வாசலில் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. நிலையத்துக்குள் போய்விட்டால் போதும் என்று நடையை எட்டிப்போட்டான். நிலையத்துக்குள்ளும் புகை.

முற்றத்தில் எதையோ கொளுத்திப் போட்டிருந்தார்கள். கால் உடைந்த நாற்காலி, கிழிந்த திரை, அவற்றின் நடுவே கட்டுக்கட்டாக இளஞ்சிவப்பு அட்டைகள். அவனுக்கு அவை நன்றாகத் தெரியும். மாதாமாதம் தாட்சாயிணி அவன் கண்ணெதிரே எழுதியவை. அவள் வராந்தாத் தூணோடு ஒட்டி, யாரையும் பார்க்காமல் நின்றிருந்தாள். நோயாளிகள் நெருப்பைச் சுற்றி வரிசையாக நின்று இருமிக்கொண்டிருக்க, இயக்குநர் நாற்காலியில் ஏறி நின்று பேசினார்.

“அன்பர்களே, இது பழசைக் கழிக்கிற நாள். விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. ஒரு மனிதன் எங்கே தொடங்கினான், எங்கே முடித்தான், இரண்டு தெரிந்தால் போதும். நடுவில் நடப்பதெல்லாம் வம்பு. நடு மாத அட்டைகள் இருந்ததால் சிலர் அவற்றைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் ஆனியில் நன்றாக இருந்தேன் என்கிறார். இன்னொருவர் கார்த்திகையில் தலைசுற்றியது என்கிறார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு முடிவுக்கு வர முடியுமா? நான் இந்தத் துறையில் இருபத்தைந்து வருஷம் இருக்கிறேன். முடிவுக்கு வருவதற்கு எது இடைஞ்சல் என்று எனக்குத் தெரியும். தகவல்தான்.”

கைதட்டினார்கள். தட்ட முடிந்தவர்கள் தட்டினார்கள். கட்டுகளில் ஒன்று அவிழ்ந்து, துலுக்கானத்தின் காலடிக்கு ஓர் அட்டை பறந்துவந்தது. குனிந்து எடுக்கப் போனான். லட்சுமணன் ஸ்கேலால் அதைத் தள்ளி நெருப்புக்குள் விட்டார்.

பிறகு ஊதச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றினான். வாய் கொப்பளித்தான். நிமிர்ந்தான். தாட்சாயிணி “ம்” என்றாள். முதல் முறை இருமல் வந்தது. இரண்டாம் முறை கொஞ்சம் காற்று வந்தது. மூன்றாம் முறை கண்ணில் நீர் முட்ட, சொர்ணத்தையும் டிப்போ ஷெட்டையும் நினைத்துக்கொண்டு ஊதினான். முள், போன போகிக்கு நின்ற இடத்தில் வந்து நின்றது.

“இன்னொரு தடவை ஊதட்டும் சார், தண்ணி குடிச்சிட்டு” என்றாள் தாட்சாயிணி.

“மூணுதான் விதி” என்றார் லட்சுமணன். “எழுதும்மா. மாற்றமில்லை.”

எல்லாருக்கும் மாற்றமில்லை. மாசிக்குள் முடிவு வந்துவிட்டது. மஞ்சள் மாத்திரையால் உயிரோடு இருப்பவர்களுக்குப் பயன் எதுவும் இல்லை. ஒரே ஒரு நோயாளிக்கு மட்டும் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிகிறது, அவருக்கு மாத்திரை ஆயுள் முழுவதும் வழங்கப்படும். நோயாளியின் பெயர் வீராசாமி.

அவருக்கு விழா எடுத்தார்கள். மனைவி கன்னியம்மாவை அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். “வீராசாமியை மற்ற நோயாளிகள் பின்பற்ற வேண்டும்” என்று இயக்குநர் பேசினார். “ஆனியிலிருந்து ஒரே சீர். ஏறவில்லை, இறங்கவில்லை. புகையைக் காரணம் சொல்லவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டுதான் விஞ்ஞானம் வளர முடியும்.” கன்னியம்மா மேடையில் அழுதாள். நன்றியுணர்ச்சி என்று எழுதிக்கொண்டார்கள்.

துலுக்கானத்திடம் மிச்சமிருந்த மாத்திரை தீர்ந்தது. பத்து நாளில் விசில் பழையபடி ஆகிவிட்டது. கோவிந்தராஜ் இப்போது கோழி என்று கேலி செய்யவில்லை, அதுதான் துலுக்கானத்துக்கு இன்னும் பயமாக இருந்தது. மேனேஜர் வரப்போகிற மாதத்திலிருந்து ஷெட் என்று சொல்லிவிட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்துவிட்டு, சொர்ணம் ஒரு நாள் காலையில் பாடிக்குக் கிளம்பிப் போனாள். திரும்பும்போது கன்னியம்மாவையும் கூட்டிவந்தாள்.

“எனுக்கு இன்னாத்துக்குண்ணா அந்த மாத்தர?” என்றாள் கன்னியம்மா. “தாராளமா நீ துன்னு. ஆனா மொதல் பொட்டலம் மட்டுந்தான் கையில குடுத்தாங்க. அதுவும் விழா கும்பல்ல எங்கியோ வுயுந்துபோச்சு. இனிமே அவரே நேர்ல வந்து ஊதுனாத்தான் குடுப்பாங்களாம்.”

“செத்தவரு எப்புடி வருவாருன்னு கேட்டியா?” என்றான் துலுக்கானம்.

“கேட்டேன். செத்தது கணக்குப் பிரிவுக்குத்தான் தெரியுமாம், மாத்தர குடுக்கறது வேற பிரிவாம். அவங்களுக்கு ஆளு வர்ணுமாம்.”

சொர்ணம் புருஷனைப் பார்த்தாள். கன்னியம்மாவும் அவனைத்தான் பார்த்தாள். “எங்க ஊட்டுக்காரரு இருந்தா உனுக்கு எடுத்துத் தந்திருப்பாருண்ணா. போய்ட்டு வா” என்றாள்.

துலுக்கானம் போனான். பெஞ்சில் உட்கார்ந்தான். தாட்சாயிணி அட்டையை எடுத்து, பேனா மூடியைத் திறந்து, அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“பேரு?”

“வீராசாமி.”

அவள் அட்டைக்கு மேல் தலையைக் குனிந்துகொண்டாள். “கொப்பளிச்சிட்டு வாங்க” என்றாள்.

அந்த நேரம் பார்த்து லட்சுமணன் வந்தார். ஸ்கேலைக் கையில் தட்டிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே. பஸ் விஷயமா வந்தது நீங்கதானே?” என்றவர், உடனே தன்னையே திருத்திக்கொண்டார். “வேண்டாம், சொல்லாதீங்க. முகத்தை வெச்சு ஆளை முடிவு பண்றது விஞ்ஞானமில்லை. அட்டை இருக்கு இல்லையா? ஊதுங்க.”

ஊதினான். மாத்திரை இல்லாமல் ஒரு மாதம் கிடந்த நெஞ்சு. முள் பாதிகூட வரவில்லை. லட்சுமணன் அட்டையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். வருத்தப்பட்டுவிட்டார்.

“என்ன வீராசாமி இது? எட்டு மாசம் ஒரே சீரா வந்துக்கிட்டிருந்தீங்க. செத்துக்கிடந்த வரைக்கும் எந்தக் குறையும் இல்லை. நேர்ல வந்ததும் இப்படி இறங்கிட்டீங்களே? அடுத்த மாசமும் இப்படித்தான்னா நீங்க வராமலே இருந்துடுங்க. பழைய கணக்கே நல்லா இருக்கு.”

“வராங்காட்டி மாத்தர சார்?”

“வந்தாத்தான் மாத்திரை.”

தாட்சாயிணி பொட்டலத்தை நீட்டினாள். அவன் கைநாட்டு வைப்பதா, கையெழுத்துப் போடுவதா என்று தெரியாமல் விழித்தான். வீராசாமி எது செய்வார் என்று கன்னியம்மாவிடம் கேட்க மறந்துவிட்டிருந்தது. தாட்சாயிணி மை டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

வாசலுக்கு வந்ததும் ஒரு மாத்திரையைத் தண்ணீரில்லாமல் வாயில் போட்டு விழுங்கினான். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றிருந்த கோவிந்தராஜ் கையைத் தூக்கி, “துலுக்கானம், இங்க கீறேன் மச்சான்” என்று கத்தினான். மாடி ஜன்னலில் லட்சுமணன் நின்றுகொண்டிருந்தார். கோவிந்தராஜ் மறுபடியும் கூப்பிட்டான். தெருவில் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். துலுக்கானம் மட்டும் திரும்பவில்லை. கட்டைவிரலில் மை காயாமல் இருந்தது. அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, தெருமுனை திரும்புகிறவரை மெதுவாக, வேறு யாரோ போல நடந்துபோனான்.